ராங் ரூட்டின் லாபக் கணக்கு

நான்குவழிச் சாலையோரம் குடியிருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வீடு இருக்கும் அதே பக்கத்தில், 300 மீட்டர் பின்னால் ஒரு மளிகைக் கடை. முறைப்படி போவதென்றால், வண்டியை எடுத்து முன்னால் ஒரு கிலோமீட்டர் போக வேண்டும். சென்டர் மீடியனில் திறப்பு இருக்கும் இடத்தில் யு-டர்ன் அடித்து, எதிர்ப்பக்கச் சாலையில் தன் வீட்டையும் கடையையும் தாண்டி அடுத்த திறப்புவரை போய், அங்கே இன்னொரு யு-டர்ன் அடித்துத் திரும்பி வர வேண்டும். கூட்டிப் பார்த்தால் நாலே கால் கிலோமீட்டர். ராங் ரூட்டில் போனால் 300 மீட்டர். வண்டி லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கொடுக்கிறது, பெட்ரோல் 100 ரூபாய் என்று வைத்தால், ஒரு தடவைக்கு எட்டு ரூபாயும் பத்து நிமிடமும் மிச்சம். மாதத்தில் 25 நாள் போனால் 200 ரூபாய், நாலு மணி நேரத்துக்கு மேல்.

சரி, விபத்து? இந்த மாதம் அநேகமாக நடக்காது. அடுத்த மாதமும் நடக்காது. இரண்டு வருடம் ஒன்றுமே ஆகாமல் போகலாம். அப்படிப் போகும் ஒவ்வொரு நாளும் அவருக்கு ஒரு பாடம் கற்றுத் தருகிறது: இது பிரச்சினை இல்லாத வேலை.

நம் சாலைகளில் காணும் கெட்ட பழக்கங்களைப் பற்றிப் பேசும்போது 'விழிப்புணர்வு இல்லை', 'படிக்காதவர்கள்', 'ஒழுக்கம் இல்லை' என்று முடித்துவிடுகிறோம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ராங் ரூட்டில் வருபவருக்கு அது ராங் ரூட் என்று நன்றாகத் தெரியும். அதனால்தான் ஓரமாக, ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு வருகிறார். தெரியாமை அல்ல, லாபம்தான் இந்தப் பழக்கத்தை வளர்க்கிறது. லாபம் தினமும் சில்லறையாகக் கைக்கு வருகிறது. நட்டம் எப்போதோ ஒருநாள், யாரோ ஒருவருக்கு மொத்தமாக வருகிறது. இந்தக் கணக்கை மாற்றாமல் வைக்கப்படும் பதாகைகள் அச்சகத்துக்கு மட்டுமே பயன்படும்.

அந்த மொத்த நட்டம் எவ்வளவு என்பதைப் பார்த்துவிடலாம். 2022-ல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. அதில் தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர், அதாவது ஒரு நாளைக்கு ஏறத்தாழ 49 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் (64,105) நாம்தான் நாட்டிலேயே முதலிடம். இறப்பில் உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்து. நாடு முழுவதும் இறந்தவர்களில் 44 சதவீதத்துக்கும் மேல் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். இன்னொரு 19 சதவீதம் பேர் வண்டியே இல்லாமல் நடந்துபோனவர்கள். காரில் செத்தவர்களைவிட, காரோ லாரியோ இன்னொரு பைக்கோ மோதிச் செத்தவர்கள்தான் நம் ஊரில் அதிகம்.

அதே அறிக்கையில், 71 சதவீத இறப்புக்கு அதிவேகம் காரணம் என்று இருக்கும். ராங் ரூட்டின் பங்கு ஐந்து சதவீதத்துக்குச் சற்று மேல்தான். இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள எனக்குத் தயக்கம் உண்டு. காவல் நிலையத்தில் எழுதப்படும் முதல் தகவல் அறிக்கையில் 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டிவந்து' என்ற வாசகம் கிட்டத்தட்ட அச்சடித்ததுபோல வரும். சட்டப்பிரிவு கேட்பதே அதைத்தான். விளக்கில்லாமல் நின்ற லாரி, வளைவை மறைத்த விளம்பரப் பலகை, இருட்டில் தெரியாத வேகத்தடை எல்லாம் அந்த ஒரு வாசகத்துக்குள் காணாமல் போய்விடும். ஆகவே 71 என்ற எண்ணில் வேகம் மட்டும் இல்லை. ஆனால் வேகம் இல்லாமலும் இல்லை.

வேகத்தில் கிடைக்கும் லாபத்தையும் இதேபோல் கணக்குப் போடலாம். சென்னையிலிருந்து திண்டிவனம் சுமார் 120 கிலோமீட்டர். 80-ல் போனால் 90 நிமிடம், 100-ல் போனால் 72 நிமிடம். பதினெட்டு நிமிடம் லாபம், அதுவும் காகிதத்தில். நடைமுறையில் பரனூர் டோலில் நிற்கும் வரிசையும் செங்கல்பட்டு நெரிசலும் அதில் பாதியை விழுங்கிவிடும். இதற்குக் கொடுக்கும் விலையைத்தான் பெரும்பாலானவர்கள் தவறாக மதிப்பிடுகிறார்கள். 80-க்கும் 100-க்கும் 20 தானே வித்தியாசம் என்று தோன்றும். மோதலின் ஆற்றலோ வேகத்தின் வர்க்கத்தில் கூடும்.

முன்னால் ஒரு மாடு குறுக்கே வருகிறது. காய்ந்த தார்ச்சாலை, நல்ல டயர், நல்ல பிரேக். சுதாரித்துக் காலை பிரேக்கில் வைக்க ஒன்றரை விநாடி ஆகும் என்று வைப்போம். 80-ல் வந்த கார் ஏறக்குறைய 68 மீட்டரில் நின்றுவிடும். 100-ல் வந்த காருக்கு 97 மீட்டர் வேண்டும். இது பலருக்கும் ஓரளவு தெரிந்ததுதான். தெரியாத பாதி என்னவென்றால், 80-ல் வந்த கார் எந்த இடத்தில் முழுதாக நின்றதோ, அதே இடத்தை 100-ல் வந்த கார் பிரேக் பிடித்துக்கொண்டே சுமார் 70 கிலோமீட்டர் வேகத்தில் கடந்துபோகும். அதாவது ஒருவர் மாட்டுக்கு முன்னால் நிற்பார், இன்னொருவர் 70-ல் மாட்டின்மேல் மோதுவார். கூடுதலாக வந்தது 20 தான். சராசரி வேகம் ஒரு சதவீதம் கூடினால் உயிர்ப்பலி விபத்துக்கான வாய்ப்பு நான்கு சதவீதம் கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் இதனால்தான்.

நல்ல சாலையும் நல்ல எஞ்சினும் இருந்தால் வேகமாகப் போகலாமே என்ற வாதம் நீதிமன்றம்வரை போயிருக்கிறது. 2018-ல் மத்திய அரசு விரைவுச் சாலைகளில் கார்களுக்கான உச்சவேகத்தை 120 ஆக உயர்த்தி அறிவிக்கை வெளியிட்டது. ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கை விசாரித்த சென்னை உயர் நீதிமன்றம் 2021-ல் அந்த அறிவிக்கையை ரத்து செய்தது. எஞ்சின் மேம்பட்டிருக்கலாம், ஓட்டுபவரின் ஒன்றரை விநாடி மேம்படவில்லை. என் பார்வையில் இந்த விவாதத்தின் சாரம் இதுதான்.

ராங் ரூட்டுக்குத் திரும்புவோம், ஏனென்றால் அதில் பலரும் கவனிக்காத ஆபத்து ஒன்று இருக்கிறது. நேருக்கு நேர் மோதுவதைத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். அது உண்மைதான்: 90-ல் வரும் காரும் 30-ல் வரும் பைக்கும் விநாடிக்கு 33 மீட்டர் நெருங்குகின்றன. லோ பீமில் முன்னால் சுமார் 50 மீட்டர்தான் தெளிவாகத் தெரியும் என்றால், பார்த்துவிட்டு முடிவெடுக்க ஒன்றரை விநாடிதான் மிச்சம். ஆனால் இன்னொரு வகை மோதல், கிளைச்சாலை பிரதான சாலையைத் தொடும் இடத்தில் நடக்கிறது. கிளைச்சாலையிலிருந்து இடதுபக்கம் திரும்பி ஏறுபவர் எந்தப் பக்கம் பார்ப்பார்? வலதுபக்கம் மட்டும்தான், வண்டிகள் அங்கிருந்துதான் வர வேண்டும். வலது காலியாக இருந்ததும் ஆக்சிலேட்டரைக் கொடுப்பார். அந்த நேரத்தில் இடதுபக்கத்திலிருந்து ஓரமாக, 'பத்திரமாக' ஒருவர் வந்துகொண்டிருப்பார். இதில் ஏறியவர் எந்த விதியையும் மீறவில்லை.

2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், எதிர்த்திசையில் ஓட்டுவதையும் சிக்னலை மீறுவதையும் ஓட்டும்போது கையில் போனைப் பிடிப்பதையும் 'அபாயகரமாக ஓட்டுதல்' என்ற 184-ஆம் பிரிவுக்குள் பெயர் சொல்லியே சேர்த்துவிட்டது. முதல் தடவைக்கே சிறைத் தண்டனைக்கு வழி உண்டு. சட்டம் கடுமையாகத்தான் இருக்கிறது. இருந்தும் அந்த மளிகைக் கடைக்காரருக்கு முன்னால் ராங் ரூட்டில் வண்டிகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. ஊரை நடுவில் வெட்டிக்கொண்டு நான்குவழிச் சாலை போட்டோம். வயலும் பள்ளிக்கூடமும் ஒரு பக்கம், வீடு மறுபக்கம் ஆயிற்று. சர்வீஸ் ரோடு பாதியில் நின்றது. அடியில் ஒரு சுரங்கப்பாதை கட்ட வேண்டிய இடத்தில் மீடியனை உடைத்து மக்களே வழி செய்துகொண்டார்கள். இதை வெறும் ஒழுக்கக்கேடு என்று எழுதுவது சாலையை வரைந்தவர்களுக்கு வசதியான எழுத்து.

லாபமே இல்லாத பழக்கங்களும் உண்டு. அவை தவறாகக் கற்றவை. அதில் என்னை மிகவும் எரிச்சலூட்டுவது, நாற்சந்தியில் 'நான் நேராகப் போகிறேன்' என்பதற்கு நான்கு இண்டிகேட்டரையும் சேர்த்துப் போடுவது. யார் தொடங்கி வைத்தார்களோ தெரியாது, டிரைவிங் பள்ளியில் சொல்லிக்கொடுப்பதையே கேட்டிருக்கிறேன். வலதுபக்கத்திலிருந்து சந்திக்கு வருபவருக்கு அந்தக் காரின் வலது விளக்கு மட்டும்தான் தெரியும். அவர் என்ன நினைப்பார்? கார் வலதுபக்கம் திரும்பப்போகிறது என்று. இடதுபக்கத்தில் நிற்பவர் அது இடதுபக்கம் திரும்பும் என்று நினைப்பார். நேராகப் போக எந்த விளக்கும் வேண்டாம். அந்த நான்கு விளக்கும் வண்டி பழுதாகி நிற்கும்போது போடுவதற்கு. மழையில் போட்டுக்கொண்டு ஓட்டுவதும் இதே ரகம். முன்னால் போவது ஓடுகிறதா நிற்கிறதா என்றே பின்னால் வருபவருக்குப் புரியாது.

வலது இண்டிகேட்டரும் இப்படித்தான். லாரிக்காரர் அதைப் போட்டால் 'நான் வலதுபக்கம் திரும்பப்போகிறேன்' என்றும் அர்த்தம், 'வலதுபக்கம் வழி இருக்கிறது, ஓவர்டேக் செய்துகொள்' என்றும் அர்த்தம். ஒரே விளக்குக்கு நேரெதிரான இரண்டு அர்த்தங்கள். பின்னால் வருபவர் எந்த அர்த்தத்தைப் பிடித்துக்கொள்கிறார் என்பதில் அவர் உயிர் இருக்கிறது.

ஹை பீம் பற்றி எழுதி எழுதி எல்லோருக்கும் அலுத்துவிட்டது. ஒன்று மட்டும் சொல்கிறேன். எதிரில் வருபவர் டிம் செய்யாவிட்டால் நாமும் ஹை பீமைப் போட்டுக் காட்டுகிறோமே, அதன் விளைவு: ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டியை நம்மை நோக்கி ஓட்டிவருபவரின் கண்ணை நாமே கூசச் செய்கிறோம். கூச்சம் அடங்கிக் கண் பழைய நிலைக்கு வரச் சில விநாடிகள் ஆகும். 60-ல் போகும் வண்டி மூன்று விநாடியில் 50 மீட்டர் போய்விடும். அந்த 50 மீட்டருக்குள் நடந்துபோகிறவர் ஒருவர் இருந்தால் அவரை யாருமே பார்க்கவில்லை.

இருசக்கர வாகனத்துக்கு வருவோம். இங்கே ஹெல்மெட்டைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். பிரேக்கைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வண்டி பழகும்போது அண்ணனோ மாமாவோ சொல்லிக்கொடுத்தது நினைவிருக்கும்: "முன் பிரேக்கைப் பிடிக்காதே, குப்புறத் தூக்கிப் போட்டுடும்." அந்த அச்சத்தோடு வளர்ந்த ஒரு தலைமுறையே பின் பிரேக்கை மட்டும் மிதித்து ஓட்டுகிறது. பிரேக் பிடித்ததும் வண்டியின் பாரம் முன்சக்கரத்துக்கு நகர்கிறது. பின்சக்கரம் இலேசாகி, சட்டென்று பூட்டிக்கொண்டு இழுபடுகிறது. வண்டியை நிறுத்தும் சக்தியில் பெரும்பகுதி முன்சக்கரத்தில்தான் இருக்கிறது. பின் பிரேக் மட்டும் பிடிப்பவர் அதைத் தொடாமலே விட்டுவிடுகிறார். அந்த அச்சத்துக்கும் ஒரு காரணம் உண்டு: மணல் கிடக்கும் இடத்திலும் ஹேண்டில் பார் திரும்பியிருக்கும்போதும் முன் பிரேக்கை வெடுக்கென்று பிடித்தால் வண்டி சரியும்தான். அதனால் நேராக வைத்துக்கொண்டு, இரண்டையும் சேர்த்து, படிப்படியாக அழுத்தத்தைக் கூட்டிப் பிடிக்கப் பழக வேண்டும். காலி மைதானத்தில் அரை மணி நேரம் பழகினால் கைக்கு வந்துவிடும். அரசே இந்தப் பழக்கத்தை உணர்ந்ததுபோல, 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் கட்டாயமானது. அதற்குக் கீழே, ஒரு பிரேக்கைப் பிடித்தாலும் இரண்டும் சேர்ந்து வேலை செய்யும் சிபிஎஸ் போதும் என்றானது. மனிதரைத் திருத்துவதைவிட லீவரைத் திருத்துவது சுலபம் என்று யாரோ சரியாகக் கணித்திருக்கிறார்கள்.

ஹெல்மெட் விஷயத்தில் தமிழ்நாட்டின் கதை எல்லோருக்கும் தெரிந்தது. 2015 ஜூலை 1 முதல் கட்டாயம் என்று உயர் நீதிமன்ற உத்தரவு வந்ததும் கடைகளில் கூட்டம் அலைமோதியது. பிறகு ஹெல்மெட் தலையிலிருந்து முழங்கைக்கும் பெட்ரோல் டேங்குக்கும் இறங்கிவந்தது. ஹெல்மெட் இறப்பு வாய்ப்பை 42 சதவீதமும் தலைக்காய வாய்ப்பை 69 சதவீதமும் குறைக்கிறது என்பது பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த முடிவு. தாடைப் பட்டையை மாட்டாமல் போட்டால் இந்தக் கணக்கு செல்லாது. தரையில் தலை படுவதற்கு முன்பே ஹெல்மெட் கழன்று தனியாக உருண்டுவிடும். 2022-ல் ஹெல்மெட் இல்லாமல் இறந்த 50,029 பேரில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள். நம் வீடுகளில் ஓட்டுபவருக்கு ஒரு ஹெல்மெட் வாங்குகிறோம், பின்னால் சேலையோடு ஒருபக்கமாக உட்காரும் அம்மாவுக்கு வாங்குவதில்லை. போலீஸ் முன்னால் இருப்பவரைத்தான் பிடிக்கும் என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. டேங்கின் மேல் உட்காரும் குழந்தையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஹெல்மெட்டும், ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பட்டையும் வேண்டும், 40-ஐத் தாண்டக் கூடாது என்ற விதி 2023 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்தப் பட்டை எந்தக் கடையில் கிடைக்கும் என்று பத்துப் பெற்றோரைக் கேட்டுப் பாருங்கள்.

காரில் இதற்குச் சமமானது பின் இருக்கை பெல்ட். 2022 செப்டம்பரில் மகாராஷ்டிரத்தின் பால்கர் அருகே நடந்த விபத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்தபோது அவர் பின் இருக்கையில் பெல்ட் போடாமல் இருந்தார். அதன் பிறகு ஒரு மாதம் நாடே பின் பெல்ட்டைப் பற்றிப் பேசியது. அடுத்த ஆண்டு மே மாதம், பெல்ட் போடாமலே எச்சரிக்கை ஒலியை நிறுத்த உதவும் கிளிப்புகளை விற்ற இணைய விற்பனைத் தளங்களுக்கு எதிராக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டது. நீக்கப்பட்ட விற்பனைப் பதிவுகள் 13,118. காசு கொடுத்து, தபாலில் வரவழைத்து, தன் காரின் பாதுகாப்பை முடக்கிவைக்கும் ஒருவரிடம் 'விழிப்புணர்வு' என்ன செய்யும்?

குடிபோதை பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் என்பது வரம்பு, முதல் தடவைக்கு அபராதம் 10,000 ரூபாய், சிறையும் உண்டு. சொல்ல வேண்டியது அரசுகளின் நடத்தையைத்தான். தமிழ்நாட்டிலிருந்து வழக்கறிஞர் கே. பாலு தொடுத்த வழக்கில், நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் தீர்ப்பளித்தது. கடையை நகர்த்துவதைவிடச் சாலையின் பெயரை மாற்றுவது மலிவு என்று கண்டுபிடித்த சில மாநிலங்கள், நெடுஞ்சாலைகளை உள்ளூர்ச் சாலைகளாக மறுவகைப்படுத்தின. அரசே ராங் ரூட்டில் போன கதை இது.

குடிக்கு இருக்கும் கெட்ட பெயர் தூக்கத்துக்கு இல்லை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அலுவலகம் முடிந்து இரவு பத்து மணிக்குச் சென்னையில் கிளம்பி, விடியலில் திருநெல்வேலி போய்ச் சேர்வதைச் சாதனையாகச் சொல்லிக்கொள்கிறோம். பகல் முழுக்க வேலை பார்த்த உடம்பு, அதிகாலை இரண்டிலிருந்து ஐந்துக்குள் தானாகவே அடங்கும். பாட்டை அலறவிடுவதும் ஜன்னலைத் திறந்துவிடுவதும் சில நிமிடங்களுக்குத்தான் தாங்கும். ஒரு டீயைக் குடித்துவிட்டுக் கால் மணி நேரம் கண்ணை மூடினால் கொஞ்சம் பலன் உண்டு. அதுவும் சென்று சேரும்வரை தாங்காது. பிரேக் தடமே இல்லாமல் நின்ற லாரியின் பின்னால் போய்ச் செருகிய கார்களின் படங்களில் பெரும்பாலும் இந்த நேரம்தான் குறிப்பிடப்பட்டிருக்கும்.

அபராதத்தைக் கூட்டினால் சரியாகிவிடுமா? தமிழ்நாடு 2022 அக்டோபரில் கூட்டிப் பார்த்தது. ஹெல்மெட் இல்லையென்றால் 1,000 ரூபாய், ஆம்புலன்சுக்கு வழிவிடாவிட்டால் 10,000. தொகை பெரிதானால் பயம் பெரிதாகும் என்று நினைக்கிறோம். ஓட்டுபவர் போடும் கணக்கில் தொகையைவிட மாட்டிக்கொள்ளும் வாய்ப்புதான் முக்கியம். வருடத்துக்கு ஒருமுறை 1,000 கட்டுவதை அவர் வழிப்பறியாக நினைத்து மறந்துவிடுவார். மீறிய ஒவ்வொரு தடவையும் 100 ரூபாய் தவறாமல் போனால் இரண்டே வாரத்தில் ஹெல்மெட்டைத் தேடுவார். ராங் ரூட்டில் மிஞ்சும் எட்டு ரூபாயை அந்த நூறு தினமும் விழுங்கிவிடும். கேமராவால் இது முடியும், மரத்தடியில் மறைந்து நின்று பிடிப்பதால் முடியாது. மறைந்து நிற்பது, எந்த மரத்தடி என்பதை மட்டும்தான் கற்றுத் தருகிறது.

விபத்துக்குப் பிந்தைய சிகிச்சையில் தமிழ்நாடு உருப்படியாக ஒன்று செய்திருக்கிறது. 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், முதல் 48 மணி நேரச் சிகிச்சை எந்த மாநிலத்தவருக்கும் இலவசம். தூக்கிக்கொண்டு போய்ச் சேர்ப்பவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவும் சொல்கிறது. இது பலருக்குத் தெரியாததால்தான் இன்னும் விபத்து நடந்த இடத்தில் போன் எடுத்துப் படம் பிடிக்கும் கைகள், தூக்கும் கைகளைவிட அதிகம்.

கடைசியாக லைசென்ஸ். ஆர்.டி.ஓ. அலுவலக மைதானத்தில் பதினெட்டு வயதுப் பையன் காலை ஊன்றாமல் எட்டு போட்டுக் காட்டுகிறான். எட்டு என்பது பத்துக் கிலோமீட்டர் வேகத்தில் சமநிலையைச் சோதிக்கும் பரீட்சை. கிளைச்சாலையில் ஏறும்போது எந்தப் பக்கம் பார்க்கிறான், பஸ்ஸின் குருட்டுப் பகுதியில் போகாமல் இருக்கத் தெரியுமா, 60-ல் போகும்போது நிற்க எவ்வளவு தூரம் வேண்டும் என்று தெரியுமா, எதையும் அது கேட்பதில்லை. 2019 திருத்தத்தின்படி அந்த லைசென்ஸ் அவனுடைய நாற்பதாவது வயதுவரை செல்லும். நாற்பதில் புதுப்பிக்க மருத்துவச் சான்றிதழ் ஒன்று வேண்டும். காலாவதியாகி ஓராண்டுக்குள் போய்விட்டால் ஓட்டிக் காட்டவும் வேண்டாம். இடையில் உள்ள 22 ஆண்டுகளில் அவன் எப்படி ஓட்டுகிறான் என்று பார்க்க, நம் ஏற்பாட்டில் யாருமே இல்லை.